மங்கல் இலக்கணம்: முதிர்ந்த மானிட்டர் குறித்து ஒரு முன்னாய்வு

முதிர்ந்த மானிட்டர் ஒன்று எந்த நாளில் மங்கத் தொடங்குகிறது என்பதை வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம், ஒரு தாலுகா தலைநகரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உள்ள டி.டி.பி. சென்டர். ஆய்வுப் பொருள், 17 அங்குலம் என்று பில்லில் எழுதி விற்கப்பட்டு, அளந்து பார்த்தால் 16 மட்டுமே தேறும் ஒரு சி.ஆர்.டி. மானிட்டர். (பிக்சர் ட்யூபின் முழுக் கண்ணாடியையும் அளந்து சொல்வது அக்கால வழக்கம். பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒளிந்திருந்த அங்குலத்துக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம்.) தகவலாளர்கள் நால்வர்: உரிமையாளர், ஆபரேட்டர் பெண், மெக்கானிக், பத்திரம் அடிக்க வரும் பொதுமக்கள். பொதுமக்கள் எப்படி ஒருவராவார் என்ற ஆட்சேபம் எழலாம். அவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் ஒருவராகவே கொள்ளப்பட்டனர்.

கருதுகோள் இது: மங்கல் மானிட்டரின் குணம் அன்று. புதிதாக வந்து அதன் முன் உட்காருபவர் கொண்டுவருவது. அன்றாடம் உட்காருபவருக்கு மங்கல் கிடையாது, கிடையவே கிடையாது.

கண்ணாடிக்கு வெளியே

மங்கலின் முதல் வகை கண்ணாடியின் மேலேயே படிந்திருக்கிறது. அறிஞர்கள் இதை இழிவாகக் கருதிக் கடந்துவிடுவர். கூடாது. சி.ஆர்.டி.யின் முகப்பில் நிலைமின்சாரம் தேங்கும். கடைக்குள் வரும் தூசியையெல்லாம் அது இழுத்து ஒட்டிவைத்துக்கொள்ளும். புறங்கையை அருகே கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து, படபடவென்று மெல்லிய சத்தம் கேட்கும். அந்தத் தூசியின் மேல் வாடிக்கையாளரின் ஆள்காட்டி விரல் வந்து அமர்கிறது. "இந்தா, இந்த இடத்துல எங்க தாத்தா பேரு தப்பு" என்று தொட்டுக் காட்டாமல் நம்மில் யாரும் பிழை திருத்தியதில்லை. பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போடும் நேரத்துக்கும் பத்திரம் அடிக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு இங்கே கணக்கில் கொள்ளத்தக்கது.

எண்ணெய்க்கும் மேலே ஆயுத பூஜை. இந்த அடுக்கைத் தனியே ஆராய வேண்டும். ஆண்டுக்கொரு முறை சட்டத்தின் மேல்விளிம்பில் மூன்று சந்தனப் பொட்டு, அவற்றின் நடுவே குங்குமம். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும். குங்குமம் ஃபேன் காற்றில் மெல்ல இறங்கி, கண்ணாடியின் இடது மேல்மூலையில், பேஜ்மேக்கரில் 'ஃபைல்' மெனு இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறியிருக்கிறது. ஆபரேட்டர் அந்த மெனுவைக் கண்டு வெகுகாலமாகிறது. திறப்பது, சேமிப்பது, பிரின்ட் கொடுப்பது எல்லாம் கன்ட்ரோல் விசையும் விரலும் தம்முள் பேசி முடித்துக்கொள்கின்றன. துடைக்கலாமே என்றால் உரிமையாளர் ஒப்புவதில்லை. "அடுத்த பூஜை வரைக்கும் இருக்கட்டும்மா." அடுத்த பூஜைக்கு முதல் நாள் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். அது குங்குமத்தோடு, கண்கூச்சம் தடுக்கக் கம்பெனி பூசியனுப்பிய மேற்பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. ஆக, பக்தி மங்கல் ஒன்று, அதை நீக்கியதால் வந்த மங்கல் ஒன்று.

குழாய்க்குள்ளே

இந்தக் குழாயைச் செய்தவர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். ஆண்டு 1897. இடம், அன்று ஜெர்மனி வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க். 1909இல் அவருக்கும் மார்க்கோனிக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுத்தது கம்பியில்லாத் தந்திக்காக. குழாய்க்கு ஒன்றுமில்லை. அது வருந்தியதாகத் தெரியவில்லை. அடுத்த நூறாண்டு உலகம் முழுக்க வரவேற்பறையில் உட்கார்ந்து பழிதீர்த்துக்கொண்டது.

உள்ளே நடப்பது இதுதான். குழாயின் கழுத்தில் ஓர் இழை 6.3 வோல்ட்டில் கனன்று கேதோடைச் சூடாக்குகிறது. கேதோடின் மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே சுமார் 25,000 வோல்ட் அவற்றை இழுக்கிறது. நடுவழியில் சில ஆயிரம் வோல்ட்டில் நிற்கும் ஃபோகஸ் முனை கற்றையைக் குவித்து, கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் அடுக்கிய பாஸ்பர் புள்ளிகளின் மேல் விழச் செய்கிறது. இப்படி 1024க்கு 768 என்ற கணக்கில், நொடிக்கு 60 முதல் 85 தடவை. இத்தனை பாடும் 'கீழ்புறம் பொதுப்பாதை, மேல்புறம் வாய்க்கால்' என்ற வரியைக் காட்டுவதற்கு.

முதுமை மூன்று வழியாக வருகிறது. கேதோடின் பூச்சு தேய்ந்து எலெக்ட்ரான் வரத்துக் குறைவது முதல் வழி. படம் மங்கிற்றே என்று பிரைட்னஸைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்டக் கற்றை பருத்துப் புள்ளி வீங்கும், எழுத்து ஊறிப்போகும். மெக்கானிக் இதை 'ட்யூப் வீக்' என்பார். இ.எச்.டி. எனப்படும் உயரழுத்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் ரெசிஸ்டர்கள் மதிப்பு மாறி, ஃபோகஸ் வோல்டேஜ் இடம் பெயர்வது இரண்டாவது.

மூன்றாவது கொஞ்சம் அழகானது. குழாயின் கழுத்தில் மாட்டும் பேஸுக்குள், ஃபோகஸ் முனைக்கென்று ஒரு தீப்பொறி இடைவெளி வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதில் பச்சைக் களிம்பு ஏறும். மின்னழுத்தம் அங்கே கசியும். அதனால் காலையில் கடை திறந்தவுடன் எழுத்தெல்லாம் பஞ்சாகத் தெரியும். சூடேறி ஈரம் உலர உலரக் கசிவு குறைந்து எழுத்து கூடிவரும். உரிமையாளரின் கோட்பாடு வேறு. "மிஷினும் மனுஷன் மாதிரிதான் சார். ஒரு டீ உள்ள போனாத்தான் கண்ணு முழிக்கும்." பேஸ் மாற்றினால் தீரும் என்று மெக்கானிக் சொன்னபோது, பத்தரைக்குத் தானே சரியாகிவிடுவதற்கு எதற்குச் செலவு என்று கேட்டார். இதற்கு மறுப்பு எழுத ஆய்வாளரால் இயலவில்லை.

இ.எச்.டி.யில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று ஃபோகஸ், மற்றது ஸ்கிரீன். தவறானதைத் திருப்பினால் திரை முழுக்க வெளுத்துச் சாய்கோடுகள் ஓடும். சரியானதைத் திருப்பினாலும் ஒரு சிக்கல்: திருகு பின்னால், திரை முன்னால். ஆகவே பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரோடு மெக்கானிக் பின்புறமும், ஆபரேட்டர் முன்புறமும் இருந்து நடத்திய உரையாடல் கீழே பதிவு செய்யப்படுகிறது.

"இப்ப?"

"கொஞ்சம் தெளியுது."

"இப்ப?"

"போச்சு."

"இப்ப?"

"முன்ன இருந்ததே பரவால்லண்ணே."

"முன்னன்னா எந்த முன்ன?"

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின், மொட்டைமாடிகளில் ஆன்டெனா திருப்பியவர்கள் வளர்த்தெடுத்த உரையாடல் வடிவம் இது. அங்கே மேலிருப்பவர் கீழே கேட்டார். இங்கே பின்னிருப்பவர் முன்னே கேட்கிறார். கைதேர்ந்தவர்கள் திரைக்கு எதிரே ஒரு முகக் கண்ணாடியை நிறுத்திப் பின்னாலிருந்தபடியே பார்த்துக்கொள்வார்கள். நம் மெக்கானிக்கும் கண்ணாடி வைத்தார். எழுத்துகள் இடவலம் மாறித் தெரியவே, "தமிழா மலையாளமான்னே புரியல" என்று எடுத்து வைத்துவிட்டார்.

அணைத்து வெகுநேரம் ஆன குழாயிலும் தேங்கிய மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும். ஆதலால் இப்பகுதியில் ஆய்வாளர் நேரடிச் சோதனை எதையும் மேற்கொள்ளவில்லை. முறையியல் குறைபாடு என்போர் முதலில் வந்து மூடியைக் கழற்றட்டும்.

கண்ணின்பாற் பட்டது

மானிட்டர் வாங்கியபோது உரிமையாளர் முப்பதுகளில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வயதாகியிருக்கிறது. மங்கியது யார் என்று ஆய்வாளர் மெல்ல விசாரித்தபோது கிடைத்த பதில்: "எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். அந்தா திருப்பத்துல வர்ற பஸ்ஸோட போர்டு வாசிக்கட்டா?" வாசித்தார். சரியாகவே வாசித்தார். வெள்ளெழுத்தின் இலக்கணமே அதுதான். நாற்பதையொட்டிக் கண்வில்லை நெகிழ்வு இழந்து, கிட்டத்தில் உள்ளதைக் குவிக்க மறுக்கும். தூரத்துப் பஸ்ஸுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

கண்ணையும் மானிட்டரையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியே திரையைப் பார்க்க வேண்டும். துளை வழியே எழுத்து திருந்தினால் குறை கண்ணில். அப்போதும் திருந்தாவிட்டால் குறை குழாயில். உரிமையாளர் துளை வழியே பார்த்தார். "நல்லாத்தான் தெரியுது" என்றார். துளை இல்லாமலும் பார்த்தார். "இதுவும் நல்லாத்தான் தெரியுது." கருதுகோள் வலுப்பெற்றது.

புள்ளி நீங்கிய தமிழ்

ஆங்கில எழுத்து மங்கினால் அழகு போகும். தமிழ் எழுத்து மங்கினால் முதலில் போவது புள்ளி. இதில் புதுமை ஒன்றுமில்லை. ஓலைச்சுவடியிலும் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வீரமாமுனிவர் வந்து திருத்தினார், அச்சு வந்து புள்ளியை நிலைநாட்டியது, கணினி வந்தது, மானிட்டர் மங்கியது, மறுபடியும் சுவடியில் வந்து நிற்கிறோம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பல சுவடிகள் கிடைத்தன. நம் ஆபரேட்டருக்கு உள்ளது ஒரே மானிட்டர். பாடபேதம் எல்லாம் பிரின்டில்தான் தெரியவரும்.

எழுத்தாவது பரவாயில்லை, சூழலை வைத்து ஊகிக்கலாம். எண்ணுக்குச் சூழல் கிடையாது. மங்கிய திரையில் 3, 6, 8 மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாகிவிடுகின்றன. சர்வே எண் 133/2 என்பது 138/2 ஆக அடிபட்டுப் பதிவும் ஆகிவிட்டால், விற்றவர் ஒரு நிலத்தை விற்றிருப்பார், வாங்கியவர் அடுத்தவர் தோப்பை வாங்கியிருப்பார். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பதிய வேண்டும். அதை அடிக்க ஜனங்கள் எதிர்வரிசைக் கடைக்குத்தான் வருகிறார்கள். அதே மானிட்டரில், அதே ஆபரேட்டர். இங்கே தொழில் தர்மம் பற்றிச் சந்தேகம் எழுப்புவது அநியாயம். அந்தப் பெண் கடையிலேயே மிகக் கவனமானவர். எண்ணை அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லி, எதிரிலிருப்பவரைத் திருப்பிச் சொல்ல வைப்பார். திரையை நம்பி அவர் எதையும் அடிப்பதில்லை. அவருக்குத் திரை ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

"என்னம்மா, மானிட்டர் இப்படி மங்கிக் கிடக்கு?" என்று நான்காம் தகவலாளர் கேட்பது அவர் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அரை நிமிடத்தில். உரிமையாளர் எழுந்து வந்து பார்ப்பார். எந்த மானிட்டர் என்பதுபோல் பார்ப்பார்.

பரிகாரங்கள்

தட்டுவது பழைமையானது. உள்ளே டிரை சோல்டர் இருந்தால் தட்டியதும் சரியாகும், ஆகவே மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. ஃபோகஸுக்கு அது உதவாது. டிகாஸ் பட்டனை அழுத்தினால் 'டொய்ங்' என்று திரை குலுங்கி நிற்கும். நிறத் திட்டு போகும், மங்கல் போகாது, மனசுக்குத் தெம்பாக இருக்கும். ட்யூபை பூஸ்ட் செய்வது, அதாவது இழைக்குக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துக் கேதோடை உசுப்புவது, சில மாதம் தாங்கலாம், அன்றைக்கே ட்யூபை முடித்தும் விடலாம். உண்மையில் பலன் தருவது இரண்டுதான்: பிரைட்னஸைக் குறைப்பது, ரெசல்யூஷனை 800க்கு 600 என்று இறக்குவது. கற்றை மெலிகிறது, எழுத்து பெரிதாகிறது. ஒரு பைசா செலவில்லை. செலவில்லாததால் யாரும் நம்புவதில்லை.

மெக்கானிக் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டி.வி.கள் அவர் கடைச் சுவரோரம் குவிந்து கிடக்கின்றன, டி.வி.க்குச் சாமான் இருக்கிறது, மானிட்டருக்கு இல்லை. "எல்.சி.டி. போட்டுருங்கண்ணே."

பழையதைக் காயலான்கடைக்காரர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, எடைக்கு எடுக்க மாட்டேன் என்றார். அவர் கண் குழாயின் கழுத்தைச் சுற்றியிருந்த செம்புக் காயில் மேல்தான். மீதிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு விதிகளின்படி அது உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். அப்படி ஒருவர் தாலுகாவில் இல்லாததால் அது தற்சமயம் ஜெராக்ஸ் பேப்பர் பண்டலுக்குத் தாங்கலாக, முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

ரிச்சி தெருவிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு எல்.சி.டி. வந்தது. 1366க்கு 768. ஆபரேட்டர் அதற்குரிய ரெசல்யூஷனை வைத்ததும் புள்ளிகள் ஊசிமுனையாய் வந்து நின்றன. எட்டு எட்டாக இருந்தது, மூன்று மூன்றாக இருந்தது. மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் உரிமையாளர் வந்து உட்கார்ந்தார். எழுத்து பொடிப்பொடியாக இருப்பதாகப் பட்டது. தமக்குத் தெரிந்த 1024க்கு 768 என்பதைத் தேடிப் பிடித்து வைத்தார். எல்.சி.டி.யில் புள்ளிகள் நிலையானவை. 1024ஐ 1366இல் பரப்ப வேண்டுமானால் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துதான் நிரப்ப முடியும். எழுத்து அகன்றது, ஓரம் நைந்தது, திரையிலிருந்த கல்யாணப் பத்திரிகையின் மணமகள் படத்தில் கன்னம் விரிந்தது. உரிமையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இப்பத்தாம்மா கண்ணுக்கு இதமா இருக்கு."

கிரயம் எழுத வந்திருந்த பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை நிமிடம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"புதுசுங்கய்யா" என்றார் உரிமையாளர் முந்திக்கொண்டு. "செட்டாக நாலு நாள் ஆகும்."