மின்வேலியும் இத்தாலியச் சட்டையும்

கே: 1980-களில் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள் கட்டிப் புரண்டு சண்டை போட்டதற்கு வேலையில்லாத் திண்டாட்டம்தானே காரணம்?

ப: பாதிக் காரணம். பிரதமர் தாட்சர் ஆட்சியில் வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆலையும் சுரங்கமும் மூடிய ஊர்களில் இளைஞனை 'நம்ம ஆளு' என்று சேர்த்துக்கொண்ட ஒரே இடம், சனிக்கிழமை கேலரி. ஆனால், வேலை தாராளமாகக் கிடைத்த 1960-களிலேயே இந்த வியாதி தலைகாட்டிவிட்டது. 'கேஷுவல்ஸ்' என்ற ரசிகர் கோஷ்டியினரோ விலையுயர்ந்த இத்தாலியச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அடுத்தவன் சட்டையைக் கிழித்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும், சரி. பிராண்டுமா வந்து ஒட்டிக்கொள்ளும்?

இவர்களைத் தடுக்க 1985-இல் செல்சீ கிளப் தலைவர் கென் பேட்ஸ் மைதானத்தில் மின்வேலியே போட்டார். மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர், பழக்கதோஷம்! லண்டன் மாநகர நிர்வாகம் மின்சாரம் பாய்ச்ச விடவில்லை. அதே ஆண்டு மே 29-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள்மேல் பாய்ந்ததில் நெரிசல் ஏற்பட்டு, சுவர் இடிந்து, 39 பேர் இறந்தார்கள்.

அதன்பின் ரசிகன் என்றாலே ரவுடி. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின. போலீஸ் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது. அவர்கள்மேல் தப்பில்லை என்று ஜூரி சொல்ல 2016 ஆயிற்று.

பிறகு மைதானமெங்கும் நாற்காலி, கேமரா. டிக்கெட் விலையும் எகிறியது. வறுமை ஒழியவில்லை, கேலரியிலிருந்து வறியவர்கள் ஒழிந்தார்கள்!