ஒரிஜினல் வரட்டும்

பழைய வண்டி வைத்திருக்கும் மாமாக்களிடம் 'என்ன மாமா, வண்டி ஓடலையா?' என்று கேட்டால் கோபம் வராது. 'டூப்ளிகேட் சாமான் போட்டுக்கலாமே' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் மண்ணச்சநல்லூர் மாமாவின் மெட்டடார் வேனில் இடது பக்க ஜன்னல் லாக் உடைந்து ரொம்ப காலமாகிறது. உடைந்தது சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு நாக்கு, அவ்வளவுதான். அலுமினிய ஜன்னலுக்குப் போடும் லாக்கை வாங்கி இரண்டு ரிவெட் அடித்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுக்கலாம். ரைஸ் மில்களுக்குச் சாமான் கடைந்து பழகிய ஊர், அந்த நாக்கையே கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

"ஒரிஜினல் வரட்டும் மாப்ள."

எங்கிருந்து வரும்? 1969-ல் புனேயில் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த வண்டி அது. வண்டி கட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கம்பெனியே 2005-ல் பேரை மாற்றிக்கொண்டு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது. மாமா மட்டும் மாறவில்லை. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவருக்காகப் புதுப்பேட்டையில் அலைந்திருக்கிறார்கள். அனுப்பிய போட்டோவை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். "குமிழ் கறுப்பா இருக்கே, நம்மது சாம்பல்ல." முடிந்தது.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டி விதியைக் கொண்டுவந்ததிலிருந்து அவர் கையில் சட்டமும் சேர்ந்துகொண்டது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி அசல் வடிவத்தில் இருந்தால், இருபதாயிரம் ரூபாய் கட்டித் தனி நம்பர் வாங்கலாம். அந்த விதி சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பற்றித்தான் பேசுகிறது. ஜன்னல் லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தவிர, வண்டி பதிவானது 1986-ல். ஐம்பது முடிய 2036 ஆக வேண்டும்.

அதுவரை? காலண்டர் அட்டையை மடித்துச் செருகுவார். ஹவாய் செருப்பை அறுத்துச் செருகுவார். மழையில் அட்டை ஊறிப்போனால் ஞாயிற்றுக்கிழமை மலர். அதுவும் நழுவினால் "மாப்ள, லேசா புடிச்சுக்குங்க."

லேசாகவாம். லாக் இல்லாத சறுக்குக் கண்ணாடி பிரேக் போட்டால் முன்னே ஓடும், வண்டி கிளம்பினால் பின்னே ஓடும். நொச்சியம் தாண்டி டோல்கேட் வருவதற்குள் வேகத்தடைக்கு வேகத்தடை அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆடிக் காற்றில் கொள்ளிடம் பாலத்தில் கையை எடுக்கவே முடியாது. சமயபுரம் பூச்சொரிதலுக்குப் போகும்போது எல்லார் மடியிலும் பூத்தட்டு, என் கையில் மட்டும் கண்ணாடி. ஊரில் நில வில்லங்கத்தைத் தீர்க்கப் பூமிநாத சுவாமி இருக்கிறார். இந்த வில்லங்கத்துக்கு எந்தச் சாமியிடம் போவது?

குறை சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நடுராத்திரியில் தெருவில் யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் முதலில் உறுமுவது அந்த வேன்தான். டீசலுக்குக் காசு நீட்டினால் திட்டுவார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன மாசம் ஒரு பொடியனின் விரல் அந்தக் கண்ணாடியில் மாட்டி நசுங்கியது. அன்றைக்கும் "ஒரிஜினல்" என்றார். அது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்னொன்று: அவர் உட்காரும் டிரைவர் பக்கத்து லாக்கும் ஒரு தடவை உடைந்தது. மறுநாளே சரியாகிவிட்டது. குனிந்து பார்த்தேன், அலுமினிய ஜன்னல் லாக்.

யாரிடமாவது சாம்பல் நிறக் குமிழோடு பழைய மெட்டடார் லாக் இருந்தால், தயவுசெய்து மாமாவிடம் காட்டிவிடாதீர்கள். நேராக என்னிடம் கொடுங்கள், கேட்ட விலை தருகிறேன்.