நுகர்வோர் திலகத்துக்கு ஒரு வாழ்த்து மடல்

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்கே பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா வாசித்துக் கொடுக்கிற ஊர்கள் நம்முடையவை. அப்படியிருக்க, புத்தளத்துக் கரைத்தீவின் களப்பையும் கடலையும் இத்தனை காலம் வாழவைத்த கொழும்பு நுகர்வோராகிய தங்களுக்கு இதுவரை ஒரு துவாய்கூடப் போர்த்தவில்லை. அந்தக் கடனை இந்த மடலால் கழிக்கப் பார்க்கிறோம்.

முதலில் தங்கள் நீதி உணர்வைப் போற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய மீன்காரர் தங்கள் வாசலில் நின்றால், செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்ப்பீர்கள். வயிற்றை அமுக்குவீர்கள். "நேத்தைய மீனைத் தலையில கட்டப் பாக்கிறியா?" என்பீர்கள். நூறு ரூபா குறைக்காமல் அவரை அனுப்பமாட்டீர்கள். அதே பாரை மீன் குளிரூட்டிய கடையில் வெள்ளைத் தட்டில் பொலித்தீன் சுற்றிக் கிடந்தால், செவுள் எங்கே என்றும் தேடுவதில்லை, வாயும் திறப்பதில்லை. ஒட்டிய விலையை அப்படியே கொடுத்து, பைக்கும் காசு கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வருகிறீர்கள். பேரம் பேசுவது யாரிடம், மரியாதை காட்டுவது யாரிடம் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் சிலரே.

இரண்டாவது, தங்கள் நாகரிகம். இந்த நண்டு எங்கே பிடித்தது, யார் பிடித்தது, அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாளும் கேட்டு எங்களைச் சங்கடத்தில் மாட்டியதில்லை. கேட்டிருந்தால் சொல்லவேண்டி வந்திருக்கும். விடியுமுன் வலை இழுத்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நண்டு கடிக்கும், அது பெரிய விசயமில்லை. கால் ஒடியக்கூடாது, அதுதான் பெரிய விசயம். ஒடிந்தால் தரம் இறங்கும். கரையில் முதலாளியின் ஆள் தராசோடும் ரெஜிபோம் பெட்டியோடும் நிற்பார். ஓட்டின் அடியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, சதை இல்லை என்று நாலைந்தை அப்பால் போடுவார். வேறு ஆளுக்கு விற்கலாமே என்பீர்கள். வலைக்கும் எஞ்சினுக்கும் முற்பணம் கொடுத்தவர் அந்த முதலாளிதான். கடன் தீருமட்டும் நண்டும் அவருக்கே, விலையும் அவர் சொல்வதே. கடனும் அவ்வளவு லேசில் தீராது, ஏனென்றால் அடுத்த பருவத்துக்கு வலை கிழிந்திருக்கும். முதலாளியைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. வங்கி எட்டிப்பார்க்காத கரையில் கடன் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படிப் போன களப்பு நண்டு சிங்கப்பூரில் 'இலங்கை நண்டு' என்று பெயர் சொல்லியே பரிமாறப்படுகிறது. நண்டுக்குக்கூட நாடும் பெயரும் உண்டாக்கித் தந்த சந்தை அது. பிடித்தவனுக்கும் பெயர் வேண்டும் என்று கேட்பது பேராசை.

மூன்றாவது, தங்கள் கல்வி. 'நியாய வர்த்தகம்' என்ற சொல் தங்களுக்குத் தெரியும் என்பதே எங்களுக்குப் பெருமை. ஜாவாவின் விவசாயிகள் காலனி ஆட்சியில் பட்ட பாட்டைச் சொன்ன ஒரு டச்சு நாவல் 1860இல் வந்தது. அதன் நாயகன் மக்ஸ் ஹவெலாரின் பெயரையே வைத்து 1988இல் நெதர்லாந்தில் கோப்பிப் பக்கட்டில் முத்திரை குத்தினார்கள். நூற்று இருபத்தெட்டு வருடம்! அங்கேயும் மனச்சாட்சி எங்கள் ஊர் பஸ் போலத்தான் வரும் போலிருக்கிறது. முத்திரையின் கணக்குச் சுலபமானது. உலகச் சந்தை எவ்வளவு விழுந்தாலும் உற்பத்தியாளருக்கு ஓர் அடிமட்ட விலை, அதற்குமேல் ஊர்ப் பொது வேலைக்கென ஒரு கூடுதல் தொகை. கோப்பிக்கு அந்தத் தொகை இறாத்தலுக்கு 20 அமெரிக்கச் சதம். லண்டனில் இருக்கும் தங்கள் மைத்துனர் வாழைப்பழம் வாங்கினாலும் அந்த முத்திரையைத் தேடித்தான் வாங்குகிறாராம். விடுமுறைக்கு வந்தால் கற்பிட்டிக் கருவாட்டை இருபது ரூபா குறைத்துக் கேட்பதும் அவரே. முத்திரை இல்லாத பொருளுக்கு நியாயம் பார்ப்பது விதிமுறைக்கு மாறு என்று அவர் நினைத்திருக்கலாம்.

மலைநாட்டுத் தேயிலையிலும் அந்த முத்திரை இருக்கிறது. கூடுதல் தொகை தொழிலாளர் குழுவின் கைக்குப் போய் ஊர் வேலைகளாகிறது, நல்லதே. ஆனால் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டுமென்ற கோரிக்கை பல வருடம் தெருவில் நின்று, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி ஏறியது. அத்தனை வருடமும் தாங்கள் பொறுமையாகத் தேநீர் குடித்துக் காத்திருந்தீர்கள்.

மீனுக்கும் முத்திரை குத்தலாம் என்று 2014இல் இந்தோனேசியாவில் காட்டிவிட்டார்கள். மலுக்குத் தீவுகளில் தூண்டில் போட்டுச் சூரை பிடிப்பவர்களுக்கு அது கிடைத்தது. எங்கள் கரையில் அந்தத் தொல்லை வேண்டாமென்று தாங்கள் கேட்காமலே விட்டது பெருந்தன்மை. முத்திரை வந்தால் கணக்குப் புத்தகம் வரும், கணக்கு வந்தால் கேள்வி வரும்.

உப்பு விசயத்தில் தங்கள் அன்பை 2025இல் கண்கூடாகக் கண்டோம். பருவம் தப்பிய மழையில் உப்பு விளைச்சல் கெட, மே மாதம் இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்தது. கடையில் பக்கட் இல்லை என்றதும் அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னால் போய் ஐந்தாறு பக்கட்டை அள்ளிய தங்கள் வேகத்தைப் பார்த்துப் புத்தளத்து உப்பளங்கள் பூரித்துப்போயின. வெயிலில் உப்பு வாருகிறவரின் உள்ளங்கால் எப்படியிருக்கும் என்று அந்த வாரம் முழுக்க ஒரு பேச்சும் எழவில்லை. விலை பற்றிய பேச்சுக்கே நேரம் போதவில்லை, பாவம்.

இனி தங்கள் கொடைக்கு வருவோம். எங்கள் பக்கத்து அறுவக்காட்டில் வெட்டிய சுண்ணக்கல், ரயிலில் பாலாவிச் சீமெந்து ஆலைக்குப் போகும். அது மாடிவீடுகளாகிறது, சந்தோசம். வெட்டிய இடத்தில் குழி மிஞ்சியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் தங்கள் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து தாங்கள் கற்ற பாடம், குப்பையைக் குறைப்பது அல்ல, 170 கிலோமீட்டர் தள்ளி வைப்பது. குழி எங்களிடம் இருந்ததால் பரிசும் எங்களுக்கே வந்தது. அந்தப் பரிசு வேண்டாமென்று புத்தளத்தில் 2018இல் தொடங்கி மாதக்கணக்காய்ச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், நன்றி கெட்டவர்கள். 2019 ஆகஸ்டில் முதல் லொறிகள் வந்து சேர்ந்தன.

அந்தக் குப்பை வியாபாரத்தை நினைத்தால்தான் தங்கள் நியாயம் முழுதாய் விளங்குகிறது. நண்டு கொழும்புக்குப் போனால் ஐஸும் வண்டிக்கூலியும் பிடித்தவன் கணக்கிலேயே கழியும். தின்ற நண்டின் ஓடு குப்பையாய்த் திரும்பி வந்தால் அந்தச் செலவு அரசாங்கத்தின் கணக்கில். திரும்பிவரும் ஓட்டுக்கு முற்பணம் இல்லை, தரம் பிரிப்பு இல்லை, கால் ஒடிந்ததென்று கழிவு இல்லை. எடையில் ஒரு கிராமும் தள்ளாமல் முழுவதையும் எங்களுக்கே தந்தீர்கள். எங்களோடு தாங்கள் பேரம் பேசாமல் செய்த ஒரே வியாபாரம் அதுதான்.