தேரைக் கிடத்தாமல் படம் காட்டுவது எப்படி?

படம் காட்டும் மென்பொருள் எழுதப்போகிறவர் முதலில் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி வந்து, ரத வீதி மூலை ஒன்றில் நிற்க வேண்டும். நெல்லையப்பர் தேர் அங்கே 90 டிகிரி திரும்பும். கட்டை போட்டு, வடம் இழுத்து, தொண்டை கட்டக் கத்தித் திருப்புவார்கள். நாலு மூலையும் திரும்பி நிலைக்கு வந்த தேரில் ஒரு சிற்பம்கூடத் தேய்ந்திருக்காது. உங்கள் மென்பொருளில் ஜேபெக் படத்தை நாலு தடவை திருப்பிச் சேமித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுருக்கி எழுதினால், மூலைக்கு மூலை தேருக்கு உப்புத்தாள் போட்ட கதைதான்.

இத்தனைக்கும் திருப்பவே வேண்டாம். நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பெரும்பாலான போன்கள் படத்தைப் படுக்கையாகவே எழுதும். கூடவே எக்ஸிஃப் குறிப்பில் 1 முதல் 8 வரை ஓர் எண் போட்டுவைக்கும். 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று, 8 என்றால் இடப்பக்கம், 3 என்றால் தலைகீழ். அதைப் படித்து அதன்படியே காட்டுங்கள். பார்ப்பவர் திருப்பச் சொன்னால் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

படத்தையே திருப்பித் தொலைத்தீர்களா? எண்ணை 1 ஆக்குங்கள். 6-ஐ அப்படியே விட்டால் அடுத்த மென்பொருளும் கரிசனத்தோடு ஒரு திருப்புத் திருப்பும். மாமியாரும் மருமகளும் ஒரே குழம்புக்குத் தனித்தனியே உப்புப் போட்ட மாதிரி.

ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் நின்ற கோலம், வரகுணமங்கையில் இருந்த கோலம், திருப்புளிங்குடியில் கிடந்த கோலம். மூன்றையும் நம்மாழ்வார் பாடியிருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் கோபுரத்தைக் கிடந்த கோலமாக்க உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது? எண்ணைச் சின்னப் படத்துக்கு மட்டும் படித்தால், கோபுரம் அதில் நிற்கிறது, தொட்டுத் திறந்தால் படுத்துக்கொள்கிறது!

வாழையிலை விஷயம் வேறு. நேர் மேலிருந்து எடுத்தால், எந்தப் பக்கம் கீழ் என்று போனுக்கே தெரியாது; குத்துமதிப்பாக ஓர் எண் போடும். அங்கே நீங்கள் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம், கைக்கு எட்டுகிற இடத்தில் திருப்பும் பொத்தான் வைத்தால் போதும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திப் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்த ஆச்சி கொதித்துவிட்டாள்.

"யாருல இலை போட்டது? நுனி சோத்தாங்கைப் பக்கம்லா இருக்கு!"

பொத்தானைத் தேடிப்பிடித்து இரண்டு தடவை அழுத்தினேன். படத்தின் தரம் குறையலாம், சம்மதமா என்று கேட்டது. ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"தரம் கெடக்கட்டும், மொதல்ல இலையத் திருப்புல."