மஃபின் அப்பா

எங்கள் வீட்டில் எந்த முடிவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுவார்கள், எடுத்து முடித்த பிறகு. நாய்க்குட்டியும் அப்படித்தான் வந்தது. தெருமுனை டீக்கடைப் பக்கம் பிறந்த நாட்டு நாய். மகள் அதற்கு மஃபின் என்று பெயர் வைத்திருந்தாள். தாய் நாய்க்குத் தெரிந்தால் டீக்கடைப் பக்கம் தலைகாட்டாது.

"நாட்டு நாய்க்கு ஆஸ்பத்திரி எதுக்கு? எங்க ஊர்ல வீரனுக்கு ஊசியா போட்டோம்? பழைய சோறு தின்னே பன்னெண்டு வருஷம் இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.

"வீரன்கூடப் பொறந்த மத்த குட்டிங்க என்ன ஆச்சுன்னு உங்கம்மா எங்கிட்ட சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி. நான் செருப்பைத் தேடினேன்.

கிளினிக்கில் "மஃபின் அப்பா, வாங்க!" என்று கூப்பிட்டார்கள். ஆபீசில் நான் செக்‌ஷன் ஆபீசர் என்பதை அங்கே யாரிடம் சொல்ல? எடை மெஷினில் குட்டி நிற்க மறுத்தது. "நீங்க தூக்கிட்டு ஏறுங்க சார். அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுக்கலாம்" என்றார் உதவியாளர். முதல் எண்ணை உரக்கப் படித்தார். இரண்டாவதை இன்னும் உரக்க. லாப்ரடாரோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழித்ததில் மஃபின் 2 கிலோ சொச்சம்.

எடை தெரிந்தால்தான் பூச்சி மருந்தின் அளவு தெரியும். புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் வந்துவிடுமாம், மிச்சம் பால் வழியாக வருமாம். பிறந்த 2-வது வாரத்திலேயே ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டியது என்றார் டாக்டர். மருந்தில் பாதியை மஃபின் குடித்தது, மீதியை என் வெள்ளைச் சட்டை குடித்தது.

அடுத்தது ஊசி அட்டை. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அதே ஊசி, மறுபடியும் அதே. "ஒரே மருந்துக்கு எதுக்கு டாக்டர் தவணை? மொத்தமாப் போட்டா குறைச்சுக்குவீங்களா?" என்றேன். மனைவி சுவரில் மாட்டியிருந்த நாய் இனங்களின் படத்தை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் பொறுமைசாலி. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தீருவதற்குள் போட்டால் வீண், தீர்ந்த பிறகு தாமதித்தால் பார்வோ என்ற நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் 16 வாரம் ஆகும்வரை விட்டுவிட்டுப் போடுகிறார்கள். வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்காரர்கூடத் தவணைக்கு இவ்வளவு நியாயமான காரணம் சொன்னதில்லை.

பார்வோ வந்தால் வாந்தி, ரத்தப் பேதி என்று சில நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றிய என் முன்யோசனையைச் சொன்னேன். அந்தக் கிருமி அதற்கெல்லாம் அசையாது, பிளீச்சிங்தான் சரி என்றார். ஊசியெல்லாம் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கவும் கூடாது. இதில் எனக்கு ஒரு லாபம். என் சர்க்கரை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நாயோடு நடக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நாயின் டாக்டர் தடை போட்டுவிட்டார். இரண்டு டாக்டர்கள் முரண்பட்டால் நோயாளி போர்த்திக்கொண்டு படுப்பதுதான் முறை.

கூட வந்திருந்த மகள் கையில் பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியும் இருந்தது. "இதுக்கு உடம்பு சுடுற மாதிரி இருக்கு, அரை பாரசிட்டமால் கொடுக்கலாமா?" என்றேன். அதற்கு மட்டும் டாக்டர் சிரிக்கவில்லை. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகலாம். அன்றிலிருந்து வீட்டு மருந்து டப்பா மகள் பொறுப்பில்.

பில் வந்தபோதுதான் குடும்பத் தலைவர் யார் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் சென்னை மாநகராட்சியில் நாய்க்கு லைசென்ஸ் கிடையாது. தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குட்டி வந்த வாரமே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.