பட்டனும் பிளேடும்

ஏலே, இங்க வா. கழுத்துல என்னல அது, மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி? ஹெட்போனா? டீஜே ஆகப் போறியாமே, உங்க அம்மை சொன்னா. பேரு வச்சாச்சு. லோகோ போட்டாச்சு. கையத் தூக்கிப் போட்டோவும் எடுத்தாச்சு. பாட்டு ஒண்ணுதான் பாக்கி, அப்படித்தான?

ஹவுஸ் மியூசிக்தான் போடுவேங்கியே, அத வளத்தெடுத்த ஃபிராங்கி நக்கிள்ஸ்னு ஒருத்தன் இருந்தானே, தெரியுமா? முழிக்கியே. உக்காரு, சொல்லுதேன்.

1955ல நியூயார்க் பிராங்க்ஸ்ல பிறந்தவன். கூட்டாளி லாரி லெவன். காண்டினென்டல் பாத்ஸ்னு ஒரு குளிக்கிற இடம். அங்கதான் ரெண்டு பேரும் ரெக்கார்டு போட்டுப் பழகுனாவ. நீ என்னடான்னா முதல் கச்சேரியே ஸ்டேடியத்துலதான்னு நிக்க! 1977ல சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப்பு. அதுக்கு முதல்ல லாரியத்தான் கேட்டாவ. அவன் மாட்டேன்னுட்டான். பிறகுதான் இவன். ரெண்டாவதாக் கூப்பிட்டாவளேன்னு இவன் மூஞ்சியத் தூக்கல; பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அங்க ஆட வந்தது யாரு? பெரும்பாலும் கறுப்பினத்து, லத்தீன் வம்சத்துப் பயலுவ. ஆம்பளைய விரும்புற ஆம்பளைய. அவுகளுக்கு நிம்மதியா ஆட வேற எடம் ஏது? மது கிடையாதுல, ஜூஸுதான். அதக் குடிச்சிட்டே விடிய விடிய ஆடிருக்கானுவ. உனக்குக் காப்பி இல்லாம கண்ணே தொறக்க மாட்டேங்கு.

அதே சிகாகோவுலதான் 1979 ஜூலை 12ல ஒரு கூத்தும் நடந்துச்சு. கொமிஸ்கி பார்க்குனு பேஸ்பால் மைதானம். டிஸ்கோ பாட்டே பிடிக்காதவனுவ, ஒரு டிஸ்கோ ரெக்கார்டும் 98 சென்ட்டும் கொண்டாந்தா உள்ள விடுவோம்னு சொல்லி, வந்த ரெக்கார்டை எல்லாம் குவிச்சு வெடி வச்சாவ. கூட்டம் மைதானத்துக்குள்ள பாஞ்சிருச்சு. அன்னைக்கு நடக்க இருந்த ரெண்டு ஆட்டத்துல ரெண்டாவது நடக்கவே இல்ல. பாட்டு பிடிக்கலன்னா காதப் பொத்துனாப் போதாதா? வெடி எதுக்குல?

அதுக்கப்புறம் ரெக்கார்டு கம்பெனிக்காரனுவ டிஸ்கோன்னாலே பின்வாங்குனானுவ. ஆட வாரவனுக்குப் புதுசு வேணும்லா? நக்கிள்ஸ் இருந்ததையே எடுத்தான். பாட்டை டேப்புல ஏத்தி, பிளேடால வெட்டி ஒட்டுனான். தாளம் சொகமா வார எடத்த நீட்டுனான், சவசவன்னு கெடக்குறதக் கழிச்சான். பிலடெல்பியாக்காரன் சோல் பாட்டு, சால்சோல் கம்பெனி ரெக்கார்டு, ஐரோப்பாக்காரன் சிந்தசைசர் எல்லாம் ஒரே ராத்திரியில ஓடும். பின்னால டெட்ராய்ட் டீஜே டெரிக் மே கிட்ட ஒரு ரோலண்ட் 909 டிரம் மெஷின வாங்கி, அடியில தாளத்தையும் கூட்டுனான். எங்க நீட்டணும்னு எப்படித் தெரிஞ்சுச்சு? ஆடுறவன் காலப் பாத்துதான்.

உங்கிட்ட என்னமோ சிங்க் பட்டன் இருக்காமே. ரெண்டு பாட்டையும் அதுவே சேத்துப்புடுமாம். அப்ப உனக்கு என்னல சோலி, கையத் தூக்குறதா?

1998ல கிராமி விருதுல ரீமிக்ஸ் பண்றவனுக்குன்னு முதமுதலா ஒரு பரிசு வச்சாவ, இவனுக்குத்தான். 2004ல அந்தக் கிளப்பு இருந்த தெருவுக்கே இவன் பேர வச்சாவ. 2014ல போய்ச் சேந்தான், 59 வயசு. சக்கரை வியாதி படுத்துன பாடு.

அவன் சேத்த ரெக்கார்டு சுமார் 5,000. சிகாகோவுல ஸ்டோனி ஐலண்டுங்கிற ரோட்டுல ஒரு பழைய பேங்க் கட்டடம். இடியக் கெடந்தத தியஸ்டர் கேட்ஸ்னு ஒரு கலைஞர் ஒத்த டாலருக்கு வாங்கிச் சரிபண்ணுனாரு. ரெக்கார்டு எல்லாம் அங்கதான் இருக்கு. உன் சேகரிப்பு எங்கல? அந்தப் போன எடு. கை தூக்குன போட்டோவத் தள்ளிட்டு, உள்ள பாட்டு எத்தன இருக்குன்னு காட்டு, பாப்போம்.