சண்டைக்கு நடுவே ஒரு இடைவேளை

கேள்வி: சண்டை முற்றும்போது என் கணவர் பாதியிலேயே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். இது சரியா? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: போகட்டும், எப்போது இறங்கி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகளுக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியை மாட்டிவிட்டுச் சண்டையைக் கவனித்தவர். துடிப்பு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. ஒருமுறை, 'மெஷினைச் சரிபார்க்கணும்' என்று நடுவில் நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். மறுபடி பேசியபோது துடிப்பு நன்றாகவே இறங்கியிருந்தது, பேச்சிலும் தன்மை வந்திருந்தது. (பத்திரிகைக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா!) மாடியில் நின்று 'அடுத்து எப்படி மடக்கலாம்' என்று யோசித்தால் மட்டும் துடிப்பு இறங்காது. அதனால் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தே அனுப்புங்கள். கீழே உங்களுக்கும் ஒன்று வேண்டும்.